சாம்பிள் இப்போது யார் கையில்?

(ராணிப்பேட்டையில் தோல், காலணி, ஃபேப்ரிகேஷன் தொழில் நடத்துவோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

புதுப் பொருள் உருவாக்கும் குழுவுக்கு எந்த ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் மென்பொருள் பொருந்தும் என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. அழைப்பிதழைப் பார்த்த சிலர் போனிலேயே கேட்டுவிட்டார்கள். "சார், பேச்செல்லாம் அப்புறம். எதை வாங்கலாம், ஒரே ஒரு பேரைச் சொல்லிடுங்க." பெயர்களையும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் பெயரைக் கேட்டதும் எழுந்து போய்விடுவீர்கள் என்பதால் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 செப்டம்பரில் நம் மாவட்டத்துப் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸின் 9,000 கோடி ரூபாய் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அதே பனப்பாக்கத்தில் தைவானின் ஹாங் ஃபூ காலணி ஆலைக்கு அடிக்கல். முதலீடு 1,500 கோடி, 25,000 பேருக்கு வேலை என்று அரசு அறிவித்தது. இவ்வளவு பெரிய நிறுவனங்கள் வரும்போது தங்கள் வேலைமுறையையும் கையோடு கொண்டு வருவார்கள். ஒரு ஷூ கோட்டோவியத்திலிருந்து பெட்டிக்குள் போகிற வரைக்கும் எந்த நாளில் யாரிடம் இருக்கிறது என்பது அவர்களுக்குத் திரையில் தெரியும். விலையில் அவர்களோடு நாம் மோத முடியாது. பையர் ஒரு படத்தை அனுப்பினால் சட்டென்று ஒரு ஜோடி செய்து கையில் கொடுக்கிற வேகம்தான் சிறிய தொழிற்சாலையின் பலம். அந்த வேகம் நம்மிடம் எங்கே தொலைகிறது?

ஒரு சாம்பிள் ஜோடியின் பின்னாலேயே நடந்து போய்ப் பாருங்கள். பையர் படம் அனுப்புகிறார். லாஸ்ட், அதாவது ஷூவுக்கான கால் அச்சு, முடிவாகிறது. பேட்டர்ன் மாஸ்டர் பேட்டர்ன் எடுக்கிறார். க்ளிக்கிங்கில் தோல் வெட்டி, க்ளோசிங்கில் அப்பர் தைத்து, லாஸ்டிங்கில் இழுத்துச் சோல் ஒட்டி, ஃபினிஷிங்கில் துடைத்துப் பெட்டியில் வைக்கிறார்கள். ஆட்கள் கைவைத்துச் செய்கிற நேரத்தை மட்டும் கூட்டினால் ஓரிரு நாள் தேறினால் அதிகம். ஆனால் அந்த ஜோடி கூரியரில் ஏறுவதற்கு வாரக்கணக்கில் ஆகிறது. மீதி நாளெல்லாம் அது எங்கே இருந்தது? எந்தச் சாம்பிள் ரூமிலும் கேட்கிற பேச்சு இது:

"மாஸ்டர், அந்த ப்ரவுன் டெர்பி சாம்பிள் என்னாச்சு?"

"பேட்டர்ன் போன வாரமே குடுத்துட்டேம்மா. தோலு வந்தாத்தானே வெட்டுவாங்க."

"ஸ்டோர்ல தோல் வந்துடுச்சுன்னாங்களே?"

"வந்தது லைனிங்கும்மா. அப்பர் தோலு இன்னும் டேனரியிலயே கெடக்குது. ஷேடு ஓகே ஆகலையாம்."

"ஷேடு யாரு ஓகே பண்ணணும்?"

"நீதாம்மா."

மெர்ச்சன்டைசர் பெண் மேல் தப்பில்லை. ஷேடு பார்க்க வேண்டிய ஸ்வாட்ச், அதாவது தோல் துண்டு, அவள் மேசைக்கு வந்திருக்கிறது. அதே மாதிரி இன்னும் இருபது ஸ்வாட்ச் அங்கே கிடக்கிறது. தன்னால் ஒரு வேலை நின்றுகொண்டிருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மாஸ்டரைக் கேட்டால் தன் வேலை முடிந்தது என்பார், டேனரியைக் கேட்டாலும் அப்படித்தான். எல்லாரும் வேலையை முடித்துவிட்டார்கள், சாம்பிள் மட்டும் நகரவில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: நம் தொழிலில் நாள் போவது செய்வதில் இல்லை, காத்திருப்பதில். யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று காட்டுகிற மென்பொருள் சந்தையில் ஏராளம். எந்தச் சாம்பிள் யாருக்காக, எத்தனை நாளாகக் காத்துக் கிடக்கிறது என்று காட்டுவது எதுவோ, அதை வாங்குங்கள்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. 1961-ல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் நிரூபித்தது. பார்க்க எளிது, ஆனால் ஆளை அசத்திவிடும். உங்கள் சாம்பிள் ரூமிலிருந்து வாரத்துக்கு 10 ஜோடி முடிந்து வெளியே போகிறது என்று வையுங்கள். உள்ளே பாதி வெட்டியது, பாதி தைத்தது, தோலுக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்த்து 60 கிடக்கிறது. அப்படியானால் ஒரு சாம்பிள் உள்ளே போய் வெளியே வரச் சராசரியாக 6 வாரம். ஆட்களை இன்னும் வேகமாகத் தைக்கச் சொல்லி விரட்டினால் இது பெரிதாகக் குறையாது. கையில் கிடக்கும் 60-ஐ 30 ஆக்கினால் 3 வாரமாகிவிடும். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? பையர் மிலான் கண்காட்சிக்குக் கேட்டார் என்று இன்னும் 15 ஆர்ட்டிகிளை, அதாவது புது மாடலை, உள்ளே தள்ளுகிறோம். 'அர்ஜென்ட்' என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். மாதக் கடைசியில் பார்த்தால் ஸ்டிக்கர் இல்லாத சாம்பிளே இருக்காது.

ஆகவே டெமோ காட்ட வருகிறவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: "ஒரு கட்டத்தில் இத்தனைக்கு மேல் சேர்ந்தால் உங்கள் மென்பொருள் எச்சரிக்குமா?" டொயோட்டா ஆலையில் தைச்சி ஓனோ வளர்த்தெடுத்த கான்பான் முறையின் சாரம் இதில்தான் இருக்கிறது. வண்ண வண்ண அட்டைகளைப் பலகையில் ஒட்டுவதைத்தான் பலரும் கான்பான் என்று நினைக்கிறார்கள். எண்ணிக்கைக்கு வரம்பு வைக்காத பலகை வெறும் அலங்காரம். பலகையின் தலைப்புகளைக்கூட பேட்டர்ன், கட்டிங், ஸ்டிச்சிங் என்று மட்டும் வைக்காதீர்கள். 'தோலுக்குக் காத்திருப்பு', 'ஷேடு ஓகேவுக்குக் காத்திருப்பு', 'பையர் பதிலுக்குக் காத்திருப்பு', 'லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பு' என்றும் வையுங்கள். எந்தத் தலைப்பின் கீழ் அட்டை குவிகிறது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். குவிவது முதலாளியின் பெயருக்கு நேராகத்தான் என்று தெரியவந்தால் என்னைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இனி பெயர்களுக்கு வருவோம். ஒவ்வொரு மென்பொருளும் யாரோ ஒருவர் தன் தொல்லையைத் தீர்க்கச் செய்துகொண்டது. அந்தத் தொல்லை உங்கள் தொல்லைதானா என்று பார்த்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்தது. 1957-ல் டுபான்ட் நிறுவனம் ரசாயன ஆலை வேலைகளுக்காகக் கிரிட்டிக்கல் பாத் முறையை உருவாக்கியது. அடுத்த ஆண்டு அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காக பெர்ட் முறையைக் கொண்டுவந்தது. எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் என்பதைக் கோடு போட்டுக் காட்டும் முறைகள் இவை. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் இந்த வம்சம். பேஸ்கேம்ப், வாடிக்கையாளரோடு பேச்சுவார்த்தை சிதறாமல் இருக்க சிகாகோவில் ஒரு வடிவமைப்பு நிறுவனம் தனக்காகச் செய்து 2004-ல் வெளியிட்டது. ஜிரா 2002-ல் ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் வெளியிட்டது, கணினி நிரலில் உள்ள பிழைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து மூடுவதற்கு. ட்ரெல்லோ 2011-ல் வந்த எளிய அட்டைப் பலகை. ஸோஹோ ப்ராஜெக்ட்ஸ் 2006-ல் நம் தமிழ்நாட்டு நிறுவனத்திலிருந்து வந்தது. பலகை, வேலைகளை நாள்வரிசையில் கோடுகளாகக் காட்டும் கான்ட் சார்ட், குறைப் பட்டியல் என்று எல்லாவற்றையும் ஓரளவுக்கு வைத்திருக்கிறது.

இந்த அவையில் இரண்டு வகைத் தொழில்காரர்கள் இருக்கிறீர்கள். பெல் நிறுவனத்தின் ராணிப்பேட்டை ஆலைக்கு, அதாவது பாய்லர் ஆக்சிலரீஸ் ப்ளான்டுக்கு, சிப்காட்டிலிருந்து ஃபேப்ரிகேஷன் செய்து கொடுக்கிறவர்கள் ஒரு பக்கம். எலக்ட்ரோஸ்டாட்டிக் ப்ரெசிபிடேட்டர் பாகம் என்றால் வரைபடம் கையில் இருக்கிறது. ஃபிட்-அப், வெல்டிங், இன்ஸ்பெக்ஷன், பெயின்டிங், டிஸ்பாட்ச் என்று வரிசையும் மாறாது. உங்களுக்குக் கான்ட் சார்ட் கச்சிதமாகப் பொருந்தும். இன்ஸ்பெக்டர் இரண்டு நாள் தள்ளி வந்தால் லாரி எத்தனை நாள் தள்ளிப் போகும் என்பதை அது உடனே சொல்லிவிடும். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டோ ஸோஹோவோ, எதுவானாலும் சரி, வேலைகளுக்கிடையே சங்கிலி போட வசதி இருந்தால் போதும்.

ஷூக்காரர்கள் கதை வேறு. உங்கள் சாம்பிள் நேர்க்கோட்டில் போவதில்லை, போய்த் திரும்பி வருகிறது. "டோ கொஞ்சம் கூர்மை, ஹீல் 3 மில்லிமீட்டர் குறைக்கவும், நூல் நிறம் மங்கல்" என்று பையர் மூன்று குறை சொல்லித் திருப்புவார். இரண்டைச் சரிசெய்து மூன்றாவதை மறந்து அனுப்பினால் இன்னொரு சுற்று. எத்தனை முறை திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? அதைக் கான்ட் சார்ட்டில் போட்டால் முதல் வாரம் அழகாக இருக்கும், மூன்றாவது வாரம் அது வெறும் கற்பனை. பையர் சொன்ன ஒவ்வொரு குறையையும் தனித்தனியாக எழுதி, படத்தோடு, யார் பொறுப்பு என்று போட்டு, சரிசெய்த பிறகு மூடுகிற வசதிதான் உங்களுக்கு வேண்டும். நிரல் எழுதுகிறவர்கள் பிழையைப் பின்தொடர்வதும் இதே வேலைதான். அதற்காக ஜிராவை அப்படியே வாங்கச் சொல்லமாட்டேன். அதைக் கட்டி மேய்க்கத் தனியாக ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் உங்களிடம் இருக்கிறாரா? இல்லையென்றால் சுமார் 20 பேர் வரை உள்ள குழுவுக்கு ஒரு எளிய பலகையும் குறைப் பட்டியலும் போதும். ட்ரெல்லோ மாதிரி ஒன்றில் தொடங்கலாம், ஸோஹோவிலும் தொடங்கலாம். நம்ம ஊர்ச் சரக்கு என்பதற்காக மட்டும் வாங்க வேண்டாம், நம்ம ஊர்ச் சரக்கு என்பதற்காகவே ஒதுக்கவும் வேண்டாம். சீசனுக்கு நூற்றுக்கணக்கில் ஆர்ட்டிகிள் போடுகிற பெரிய ஏற்றுமதியாளர்கள் பொருளின் முழு ஆயுளையும் நிர்வகிக்கும் பி.எல்.எம். மென்பொருளைப் பார்க்கலாம். சிறியவர்கள் அந்தப் பக்கம் போனால் சாம்பிளுக்கு முன்னால் பணம் தீர்ந்துவிடும்.

"இதெல்லாம் எதுக்கு சார், எங்களுக்கு வாட்ஸ்அப் இருக்கே?" என்று சிலர் முகத்தில் எழுதியிருக்கிறது. நான் வாட்ஸ்அப்பைக் குறைத்துப் பேசமாட்டேன். படம் உடனே போகிறது, மாஸ்டருக்குத் தெரியும், தமிழில் பேசி அனுப்பலாம், காசும் இல்லை. ஆனால் ஹீலை 3 மில்லிமீட்டர் குறைக்கச் சொன்ன செய்தி ஒரு குட்மார்னிங் ரோஜாவுக்கும் ஒரு பிறந்தநாள் வாழ்த்துக்கும் நடுவில் மேலே ஏறிப் போய்விடுகிறது. நீல டிக் விழுந்துவிட்டது, எல்லாரும் பார்த்துவிட்டார்கள். எல்லாரும் பார்த்த செய்திக்கு யாரும் பொறுப்பில்லை. அந்த மெர்ச்சன்டைசர் பெண் ஆறு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போனால் ஒரு சீசனின் வரலாறே அவள் போனோடு போய்விடும். பேச்சுக்கு வாட்ஸ்அப்பை வைத்துக்கொள்ளுங்கள், முடிவை மட்டும் வேறிடத்தில் எழுதுங்கள்.

எழுதுவது யார்? மென்பொருள் வாங்கித் தோற்றவர்கள் பெரும்பாலும் சறுக்கிய இடம் இதுதான். ஒரு காலணித் தொழிற்சாலையில் நான் பார்த்தது, பெயர் வேண்டாம். நல்ல மென்பொருள், ஆண்டுக் கட்டணம் கட்டி வாங்கியது. திங்கட்கிழமை முதலாளி மீட்டிங். சனிக்கிழமை சாயங்காலம் அலுவலகத்தில் ஒரு இளம்பெண் சாம்பிள் ரூமுக்குப் போன் போட்டு, ஒவ்வொரு ஆர்ட்டிகிளாக நிலவரம் கேட்டு, உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தாள். திரையில் பச்சையும் மஞ்சளுமாக அழகாக இருந்தது. சாம்பிள் ரூமில் யாருக்கும் அந்த மென்பொருளின் பெயர்கூடத் தெரியவில்லை. 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் டேனரி மாசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்ததிலிருந்து, டேனரிக்காரர்களுக்குப் பதிவேடு எழுதுவது புதிதல்ல. வேலைக்காக எழுதும் நோட்டும் இன்ஸ்பெக்ஷனுக்காக எழுதும் நோட்டும் ஒன்றல்ல என்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மென்பொருள் முதலாளிக்குக் காட்டுவதற்கு என்று ஆன அன்றே அது இரண்டாவது வகை நோட்டாகிவிடும்.

நம் ஊர் அலுவலகங்களில் டேலி எப்படி நுழைந்தது என்று யோசியுங்கள். முதலாளி விரும்பி நுழைந்ததில்லை. கணக்குப்பிள்ளைக்கு அது பிடித்துப்போனது. மவுஸைத் தொடாமல் விசைப்பலகையிலேயே வவுச்சரைப் போட்டுக்கொண்டு போகலாம், நோட்டில் எழுதுவதைவிடச் சீக்கிரம் முடிந்தது. பேட்டர்ன் மாஸ்டருக்கும் அப்படி ஏதாவது ஆதாயம் இருக்க வேண்டும். "தோல் வரவில்லை" என்று அவர் ஒரு தட்டுத் தட்டினால், அதற்குப் பிறகு அவரைக் கேட்டு யாரும் போன் செய்யக்கூடாது. அதுதான் அவருக்குக் கிடைக்கும் கூலி.

அவர் தமிழில் எழுதுவார் என்பதை மறந்துவிடாதீர்கள். டெமோவில் நீங்களே தட்டச்சு செய்து பாருங்கள்: "சோல் பசை விடுது, மறுபடி ஒட்டணும்." பிறகு 'பசை' என்று தேடுங்கள், வருகிறதா? அந்தப் பட்டியலை சி.எஸ்.வி. கோப்பாக இறக்கி எக்செல்லில் இரட்டைச் சொடுக்குப் போட்டுத் திறந்து பாருங்கள். பல நேரம் தமிழ் முழுக்கக் குறியீட்டுக் குப்பையாகத் தெரியும். எழுத்து அழிந்துபோகவில்லை, யு.டி.எஃப்-8 என்று எக்செல்லுக்குச் சொல்லி உள்ளே எடுத்தால் சரியாகிவிடும். ஆனால் விற்க வந்தவருக்கு அது தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாமல் விழித்தால், தமிழில் வேலை செய்யும் ஒருவரிடமும் அவர் இதுவரை விற்றதில்லை என்று அர்த்தம்.

விலையில் ஒரு சூட்சுமம் உண்டு. பெரும்பாலானவை ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் வாங்கும். மாதம் 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 12 பேருக்கு ஆண்டுக்கு 72,000. உடனே நம் மூளை வேலை செய்யும்: "எதுக்கு 12? மூணு லாகின் வாங்கி எல்லாரும் பங்கு போட்டுக்கலாம்." அந்த நிமிடமே மென்பொருள் செத்துவிட்டது. ஷேடு ஓகே என்று போட்டது யார்? 'சாம்பிள்ரூம்1'. அது யார் என்று யாருக்கும் தெரியாது. ஆளுக்கொரு லாகின் கொடுக்கப் பணமில்லை என்றால் விலை குறைந்த மென்பொருளைப் பாருங்கள், லாகினைக் குறைக்காதீர்கள். தேதி தவறி, கப்பலில் போகவேண்டிய சரக்கை உங்கள் செலவில் விமானத்தில் அனுப்பியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்த பில்லை இந்த 72,000-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தோலுக்கே உரிய ஒரு கேள்வி இருக்கிறது. தோலில் குரோமியம் ஆறு ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே 1 முதல் விதித்திருக்கிறது. பதப்படுத்தும்போது போடுவது குரோமியம் மூன்று. வெப்பத்திலும் வெளிச்சத்திலும், சேர்க்கிற எண்ணெயைப் பொறுத்தும், கிடங்கிலேயே அதில் ஒரு பங்கு ஆறாக மாறக்கூடும். சாம்பிளில் தேறிய தோல் பல மாதம் கழித்துத் தவறலாம். அன்றைக்கு உங்களுக்கு ஒரே கேள்விதான்: இந்த லாட் தோல் எந்தெந்த ஆர்ட்டிகிளில் போயிருக்கிறது? உங்கள் மென்பொருளில் தோல் லாட் எண்ணுக்கென்று ஒரு கட்டம் சேர்க்க முடிந்து, அந்த எண்ணை அடித்தால் அத்தனை ஆர்ட்டிகிளும் வரிசையாக வந்தால் பத்து நிமிடத்தில் பதில் கிடைக்கும். இல்லையென்றால் பழைய நோட்டுகளைப் புரட்ட வேண்டியதுதான். இப்படி நாமே கட்டம் சேர்க்கும் வசதி சில மென்பொருள்களில் இலவசத் திட்டத்தில் கிடைக்காது. கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, விட்டுப் போகும் வழி. வாங்கும்போதே இதைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். வுண்டர்லிஸ்ட் என்றொரு பிரபலமான பட்டியல் செயலியை மைக்ரோசாஃப்ட் 2015-ல் வாங்கி 2020-ல் இழுத்து மூடியது. ட்ரெல்லோவை 2017-ல் அட்லாசியன் வாங்கியது. 2024-ல் இலவசப் பணியிடத்துக்கு 10 பேர் என்று வரம்பு போட்டது. சொந்த சர்வரில் ஜிரா வைத்திருந்தவர்களுக்கு 2024 பிப்ரவரி 15-ஓடு அந்த சர்வர் பதிப்புக்கான ஆதரவு நின்றது. "அப்படின்னா நாங்களே சர்வர் வெச்சுக்கிறோம், ரெட்மைன் இலவசம்தானே?" என்று கேட்கலாம். 2006-லிருந்து இருக்கிறது, நல்ல மென்பொருள்தான். ஆனால் அதை நிறுவித் தருகிற பையன் ஒரு வருடத்தில் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுவான். அப்புறம் அந்த சர்வர் மேல் தூசிதான் ஏறும். எதை வாங்கினாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாத் தகவலையும் படங்களோடு இறக்கி ஒரு ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள். படம் இறங்காது, எழுத்து மட்டும்தான் இறங்கும் என்றால் அந்த மென்பொருள் ஷூ தொழிலுக்கு லாயக்கில்லை.

நாளைக்கே யாரும் எதையும் வாங்க வேண்டாம். இப்போது ரொம்பத் தாமதமாகிக் கிடக்கிற ஒரு ஆர்ட்டிகிளை எடுங்கள். ஒரு மாதத்துக்கு அது ஒவ்வொரு நாளும் யாரிடம், எதற்காக நின்றது என்று சுவரில் ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு விற்பனையாளரைக் கூப்பிடுங்கள். அவர் பளபளப்பான லேப்டாப்பைத் திறந்து டெமோ காட்ட ஆரம்பித்தால், அதை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, உங்கள் பேட்டர்ன் மாஸ்டரின் போனைக் கொடுத்து, இதில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.